தோப்பில் நின்ற சிறுத்தை

நடந்தது நடந்தபடி. இதில் ஒரு சொல் புளுகியிருந்தாலும் இந்த நாக்கு அழுகிப் போகட்டும்.

கல்லூரிச் செயலாளரின் மேசைமேல் மூன்று படங்களைச் சீட்டு இறக்குவதுபோல ஒவ்வொன்றாக வைத்தார் வனவிலங்கு நிபுணர். மூன்றிலும் சிறுத்தை. கல்லூரிக்குப் பின்னாலுள்ள தோப்பில், அவர் மரத்தில் கட்டிவிட்டுப் போன தானியங்கிக் கேமரா அந்தி நேரத்தில் எடுத்தவை.

தோப்பை வெட்டிக் கார் நிறுத்துமிடம் கட்டத் துடித்துக்கொண்டிருந்த செயலாளருக்கு வியர்த்தது. "அங்க ஒரு மிருகமும் இல்லைன்னு எழுதித் தரத்தானேம்மா உங்கள கூப்பிட்டேன்? இங்க படிச்ச பொண்ணுங்கற உரிமையில!"

"அந்த விசுவாசத்துலதான் சார் லீவு போட்டுட்டு வந்தேன்."

"இதுல குளத்தப் பாக்குது, இதுல மதிலப் பாக்குது... இதுல என்னையே பாக்குதே!"

"உங்க ஜன்னல் அந்தப் பக்கந்தானே சார்."

செயலாளர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். முப்பது வருடம் காடுகாடாக அலைந்தும் அறிக்கையில் ஒரு முயலைக்கூடக் கூட்டி எழுதாதவர் இந்த அம்மாள். அவர் கையெழுத்துப் போட்டால் வனத்துறை மறுபேச்சுப் பேசாது.

"தோப்பு அப்படியே இருக்கட்டும்மா." கார் நிறுத்துமிடத்துக் கோப்பை மூலையில் போட்டுவிட்டு, காருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நிபுணர் படங்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். பறவைகளின் பெயரை முதன்முதலில் கற்றுக்கொண்ட தோப்பு பிழைத்தது. ஆனால் முப்பது வருடத்தில் முதல் பொய்! படத்திலிருந்தது கல்லூரியின் விலங்கியல் மியூசியத்துச் சிறுத்தை. வயிற்றில் வைக்கோல் அடைத்தது; மாணவியாக இருந்தபோது அவரே தூசி தட்டியது.

நேரே மியூசியத்துக்குப் போனார். காப்பாளர் அவருடைய வகுப்புத் தோழர். 'மூணு நாள் சாயங்காலம் அத கேமரா முன்னாடி நிறுத்திவைடா' என்று அவரிடம்தான் கெஞ்சியிருந்தார்.

"பிரமாதம்டா! திசையெல்லாம் மாத்தி மாத்தி வச்சிருக்க. ஆனா ரெண்டாவது படத்துல வயித்துத் தையல் லேசா தெரியுது. நல்லவேளை, அந்த ஆளு கவனிக்கல."

காப்பாளர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காத. போன வாரமே சொல்லியிருக்கணும். தூக்கப் போனேன், ஒரு காது கையோட வந்துருச்சு. பயந்துபோய் கண்ணாடிப் பெட்டியப் பூட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அத நான் வெளியவே எடுக்கல."