வெள்ளிக்கிழமைப் புகை

மேற்கு ஆஸ்திரேலியாவின் புல்மரக் காட்டுக்குக் குகநேசன் ஒருவர்தான் காவல். வருடத்துக்கு ஒரு விரல் தடிப்புகூட வளராத மரங்கள் அவை. அவர் வேலைக்கு வந்தபோது நின்ற உயரத்திலேயே இன்னும் நின்றன. அவற்றிடம் என்ன புதினம் கேட்பது?

அடிமரத்தில் கசியும் சிவந்த பிசினை உருக்கித்தான் அந்த மண்ணின் மக்கள் கல்லைக் கோடரிக் காம்பில் ஒட்டினார்களாம். சாம்பிராணி தீர்ந்துபோனதால், குகநேசன் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பிசினைத் தணலில் போட்டு, இறந்துபோன மனைவியின் படத்துக்குக் காட்டினார். முதல் புகைக்கே, காட்டில் புகை கண்டால் தானாகவே பறந்துவரும் தீயணைப்பு ட்ரோன் தலைக்குமேல் வந்து நின்றது. பெர்த் அலுவலகத்திலிருந்து அதன்வழியே பேசியவள் யாழரசி. அவருடைய ஊர்த் தமிழ்.

“ஐயா, அங்க என்ன புகை?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை, பிசின்தான். சாப்பிட்டாச்சோ?”

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ட்ரோன் வந்தது. படத்துக்குக் காட்டி முடித்த பிறகும் அவர் பிசின் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் அவள் உற்சாகமாகச் சொன்னாள்: “இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை ஐயா. உங்கட புகை ஆபத்தில்லை எண்டு மெஷினுக்குப் பழக்கிப்போட்டன்.”

“நல்லது பிள்ளை” என்றார்.

அடுத்த வெள்ளி இரண்டு கை பிசின் அள்ளிப் போட்டார். வானம் சும்மா கிடந்தது. பக்கத்து மரத்தின் காய்ந்த இலைகள் பாவாடைபோலத் தரைவரை தொங்கின. ஒரு குச்சி கிழித்தால் போதும், ட்ரோன் பறந்து வரும். தீப்பெட்டியை எடுத்தவர், அந்த மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார்.

பிறகு அண்ணாந்து, “ஒண்டுமில்லைப் பிள்ளை, பிசின்தான்” என்றார்.