பதில் வராத பாட்டு

“ஒருத்தராவது என் பக்கம் பேசறாங்களா பாரு! எல்லாரும் சேர்ந்துக்கிட்டு என்னைக் கிண்டல் பண்றாங்க.”

மைக்காரர் போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். அச்சகத்தில் கையெல்லாம் மையோடு மெஷின் ஓட்டுகிறவர் என்பதால், இணையத்தில் பாட்டு கேட்கும் குழுவில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. வாரத்துக்கு ஓர் ஆல்பத்தை எல்லோரும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரவர் கருத்தை எழுதுவார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் சண்டை மட்டும் பங்காளிச் சண்டை மாதிரி நடக்கும்.

அவள் போனைப் பார்க்கவில்லை. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாலை பஸ்ஸில் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள். ‘நாலு நாள் இருந்துட்டு வரேன்’ என்று காலையில் சொன்னதற்கு, ‘தாராளமா போயிட்டு வா’ என்றார். இனி திரும்பி வருவதாகவே இல்லை என்று நேற்று ராத்திரி படுக்கையில் அத்தனை நேரம் சொன்னாளே, அதற்கு ஒரு ‘ம்’ கூடக் கிடையாது. தலையணையில் இடது கன்னத்தைப் புதைத்துக்கொண்டு கல்லு மாதிரி கிடந்தார்.

பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. எதிரே வந்து நின்று ‘சாப்பிட வாங்க’ என்றால் வருவார். ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்றால் உடனே போன் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால் மட்டும் சுவரோடு பேசுகிற மாதிரிதான். காரியத்துக்குப் பெண்டாட்டி, பேச்சுக்கு ஊர் பேர் தெரியாத ஆட்கள்!

“அப்படி என்னத்த எழுதித் தொலைச்சீங்க?” என்றாள்.

கேட்டதே போதும் என்று அவர் உற்சாகமாகப் படித்தார். “‘இதில் ஒருவன் தன் மனைவியிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் வெறும் தாளம். பதிலே வருவதில்லை. அந்த இடம்தான் இந்த ஆல்பத்தின் உயிர். கேட்டு அழுதுவிட்டேன்.’”

“அழுதீங்களா?”

“லேசா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டில் எவனுக்கோ பதில் வரவில்லை என்று அழுகிறாராம்!

“அதுக்கு அவங்க என்ன சொல்றாங்களாம்?”

“‘மைக்காரரே, பாதி ஆல்பம் பாடின பொம்பளையை எங்கே தொலைச்சீங்க’ன்னு ஒருத்தர். ‘ஹெட்போன்ல ஒரு பக்கம் அவுட்டா’ன்னு இன்னொருத்தர். இதுல பொம்பளையே கிடையாதுங்கறேன், கேட்க மாட்டேங்கறாங்க.”

“அந்த ஹெட்போனைப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுது. டேப்பு ஒட்டி ஒட்டியே ஓட்டறீங்க.”

பஸ்ஸில் கேட்பதற்கு வாங்கி வைத்திருந்த தன் புது ஹெட்போனைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். போகிற போக்கில் இதிலாவது ஒரு தடவை அவரைத் தோற்கடித்துவிட்டுப் போகலாமே! சோபாவில் அவருக்கு வலப்பக்கம், தன் வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

இடது காதில் ஓர் ஆண் கேட்டான். வலது காதில் ஒரு பெண் பதில் சொன்னாள். ஆளுக்கொரு காதில் உட்கார்ந்துகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற மாதிரி பாட்டை அமைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு கேள்வியையும் விடவில்லை. அவள் குரல் தழுதழுத்த இடத்தில் இவள் எழுந்து கணவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“இதுலயா பொம்பளை இல்ல? அவதான் பாதிக்கு மேல பாடறா. இந்தாங்க, கேளுங்க!”

அவர் இடது எது வலது எது என்று பார்த்து ஒழுங்காக மாட்டிக்கொண்டார். இந்த விஷயத்தில் மட்டும் மனிதர் ரொம்பச் சுத்தம். கண்ணை மூடி நிதானமாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

“ஒருத்தன்தான் பாடறான்.”

“விளையாடாதீங்க.”

“சத்தியமா. அவன் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான். பதில் வரல.”

“ஒரு பொம்பளை மூச்சு விடாம பேசறா, உங்க காதுல விழலையா? எந்தப் பொம்பளை பேசினதுதான் உங்க காதுல விழுந்திருக்கு!”

சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஹெட்போனைப் பிடுங்கினாள். அப்படியே விட்டுவிடவும் மனசு வரவில்லை. இடம் வலம் மாறியதைக்கூடப் பார்க்காமல் திருப்பி அவர் தலையிலேயே மாட்டினாள். “நல்லாக் கேளுங்க!”

அவர் முகம் மாறியது.

“ஆமா, பொம்பளைதான். அடடா, எவ்வளவு நல்லாப் பாடறா!” என்றவர், சட்டென்று நெற்றியைச் சுருக்கினார். “அது சரி, அந்த ஆளு எங்கே போனான்?”

அவள் அவரையே பார்த்தாள். ஹெட்போனை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தாள். மறுபடி தன் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது காதுப் பக்கம் சாய்ந்து, நேற்று ராத்திரி பேசிய அதே குரலில், “நான் போனா திரும்பி வரமாட்டேங்க” என்றாள்.

அவர் குழுவில் யாரோ போட்ட பதிலைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து சோபாவைச் சுற்றி வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். “நேத்து ராத்திரி நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“நேத்தா?” அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். “நீதான் எங்கிட்ட பேசறதையே விட்டுட்டியே. எத்தனை நாள் பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணொண்ணா கேட்டுப் பார்த்தேன், நீ பதிலே சொல்லல. அப்புறம்தான் போய் அந்தக் குரூப்புல சேர்ந்தேன்.”