இடது மட்டை

"செத்துப்போச்சுடா. இனிமே இன்னா பண்ணாலும் வராது. உட்டுடு."

பரணிதரன் சொன்னது எதிரே நின்ற பின்பால் விளையாட்டு மெஷினைப் பற்றி அல்ல என்று சாம்சனுக்குத் தெரியும். தெரியாதவன் போல ஸ்குரூ டிரைவரை எடுத்தான். "புது பார்ட் கொண்டாந்துக்கிறேன் மச்சான். மாட்டிட்டா சும்மா பறக்கும்."

பரணிதரனின் மனைவி வினோதா, கணவனின் தோளிலிருந்து துணி போலத் தொங்கிய இடது கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலை ஒன்றில் பரணிதரனும் சாம்சனும் ஒரே ஷிப்டு. வெளிநாட்டுப் பழைய இரும்போடு கண்டெய்னரில் வந்து இறங்கிய அந்த விளையாட்டு மெஷினை உலைக்குப் போகாமல் காப்பாற்றி, கேட்டு வாங்கி, முன்னறையில் நிறுத்தி ஓட வைத்தவன் பரணிதரன். வேலை முடிந்து வந்தால் குளிக்காமல்கூட அதன் முன்னால் போய் நின்று, இரண்டு பக்கப் பட்டன்களையும் அழுத்தி, இரும்புக் குண்டு குழியில் விழாதபடி மட்டைகளால் அடித்துக்கொண்டிருப்பான்.

பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை நரம்பு நசுங்கியதும் எல்லாம் போயிற்று. நரம்பு பிழைத்துக்கொண்டது, இனி அசைக்க அசைக்கத்தான் பலம் வரும், சும்மா விட்டால் விரல்கள் இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியும் அவன் நம்பவில்லை. பிடித்துப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியே வீசினான். முந்தின நாள் காலை, நாஷ்டாத் தட்டைத் தள்ளிவிட்டு, "உங்க நைனாவ வரச் சொல்லு. நீ ஊத்துக்கோட்டைக்கு உங்க வூட்டுக்கே போய்டு" என்றான்.

அதன் பிறகுதான் வினோதா சாம்சன் வீட்டுக்கு ஓடினாள்.

"பட்டன தொட்டாலே மட்டை அடிக்கற மாதிரி வெச்சுக் குடுங்கண்ணா. அழுத்தவே வேணாம், விரல் பட்டா போதும். தன் கைதான் அடிக்குதுன்னு அவரு ஒரு தபா நம்பணும்."

"ஏமாத்தச் சொல்றியாம்மா?"

"எனக்கு வேற வழி தெரிலண்ணா."

இப்போது சாம்சன் மெஷினின் மேல்கண்ணாடியைக் கழற்றி, விளையாட்டுப் பலகையைத் தூக்கி நிறுத்தினான். இடது மட்டையை இழுக்கும் இரும்புத் தண்டு அடியில் உடைந்து கிடந்தது. லேத்தில் கடைந்து கொண்டுவந்த புதுத் தண்டைக் கம்பிச் சுருளுக்குள் சொருகி, ஸ்பிரிங் மாட்டி, இடது மட்டையும் வலது மட்டையும் ஒரே சாய்வில் நிற்கும்படி பார்த்துப் பார்த்து முடுக்கினான்.

மிச்சம் இடது பட்டன்தான். அதன் பின்னால் இரண்டு மெல்லிய தகடுகள். பட்டனை நன்றாக அழுத்தினால் ஒன்று மற்றதைத் தொடும், மட்டை அடிக்கும். சாம்சன் குறடால் அவற்றை வளைத்து நெருக்கினான்.

வினோதா கணவனின் இடது கையைத் தூக்கிப் பட்டன்மேல் வைத்தாள். "அழுத்துங்க."

விரல் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

"இன்னும் கிட்ட வைங்கண்ணா."

"இதுக்கு மேல வெச்சா..." என்று இழுத்த சாம்சன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மயிரிழை இடைவெளி விட்டு நெருக்கினான்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஜி.என்.டி. ரோட்டில் கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று போனது. தரை அதிர்ந்தது. யாரும் அழுத்தாமலே மட்டை டக் டக்கென்று தானாக அடித்துக்கொண்டது.

பரணிதரன் சிரித்தான்.

"ரோட்ல லாரி போனா அடிக்குது. நான் தொட்டா அடிக்கல. எதுக்கு இந்தப் பேஜாரு?" வலது கையால் இடது கையை எடுத்துக் கீழே விட்டான்.

அவள் அதை மறுபடி பிடித்துப் பட்டன்மேல் வைத்தாள். "ஒரே ஒரு தபாங்க. இதுவும் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

சாம்சன் குனிந்தான். இந்த முறை குறடு வெகுநேரம் உள்ளேயே இருந்தது. பலகையை இறக்கி, கண்ணாடியை மூடி அவன் நிமிர்ந்தபோது இன்னொரு டிரெய்லர் ஜன்னல் கம்பிகளை அதிரவைத்துக்கொண்டு போனது. மட்டைகள் சும்மா கிடந்தன.

சொல்லாமல் கொள்ளாமல் அவன் இரும்புக் குண்டை ஏவிவிட்டான்.

குண்டு மேலே ஏறி, முட்டி மோதி, மணிகளை அடித்துவிட்டு இடது ஓரமாகக் குழியை நோக்கி உருண்டது.

"ஐயோ, போவுதுங்க!"

பட்டென்று இடது மட்டை அடித்தது. குண்டு உச்சிக்குப் பறந்தது. திரும்பி வந்தது, மறுபடி அடி வாங்கியது. பரணிதரன் மெஷின்மேல் சாய்ந்துகொண்டான். வலது, இடது, இடது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணாடிமேல் சொட்டியது.

குண்டு கடைசியில் குழியில் விழுந்தபோது வினோதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

பரணிதரன் அவளைப் பார்த்தான், பிறகு சாம்சனை. முகத்தில் இருந்த மலர்ச்சி வடிந்தது.

"நல்லா கீதுடா உங்க நாடகம். தொட்டாலே அடிக்கற மாதிரி செஞ்சி வெச்சுக்கினு, கை வந்துட்ச்சின்னு அழுவுறீங்களா? நான் இன்னா கொழந்தையா?"

வினோதா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாம்சன் குறடைத் துடைத்துப் பைக்குள் போட்டான்.

"லாரிக்குப் பயந்து தகட்ட பழைய தூரத்துக்கே தள்ளி வெச்சிட்டேன் மச்சான்."