பின் சீட்டில் ஓர் இடம்

வெள்ளவத்தைக் கடையில் இருந்த, குழந்தைகளுக்கான கார் சீட்டுகள் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்த பிறகு, தலை நரைத்த நோபேட் அவற்றில் ஒன்றில் மூன்று கிலோ அரிசிப் பையை வைத்து வாரைப் பூட்டினார். ஆறு மாத வயிற்றோடு நின்ற விற்பனைப் பெண் சாமினிக்குக் கால் கடுத்தது.

"பிள்ளை எப்ப பிறந்தது அங்கிள்?"

"நேற்றாம்."

"ஆம்பிளைப் பிள்ளையோ?"

"தெரியாது. நாளைக்கு வீட்ட கூட்டிக்கொண்டு போகேக்க பாப்பம்."

இப்படியும் ஒரு தகப்பனா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

வாசலில் நின்ற காரில் சீட்டைப் பின்பக்கம் பார்க்க வைத்து, முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை இறுக்கினார் நோபேட். சாமினி பிடித்து ஆட்டினாள். இம்மியும் அசையவில்லை.

"முந்தியும் பூட்டியிருக்கிறீங்க போல?"

"பழைய சீட்டுக்கு வயசு போயிட்டுது. அதில இருநூற்றிப் பன்னிரண்டு பிள்ளையளை ஆஸ்பத்திரியில இருந்து வீட்ட சேர்த்தனான். நான் டாக்சி ஓடுறன் பிள்ளை. என்ர காரில ஒரு பிள்ளையும் மடியில போகேல்ல!"

சாமினி வயிற்றில் கை வைத்தாள்.

"அங்கிள், எனக்கு மார்கழி பதினெட்டு. இப்பவே எழுதி வையுங்கோ."