உப்புக்காத்து

"அல்லா அறிய நான் இல்ல, லாத்தா" என்றான் யாசிர். இல்மா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போனை அவன் மடியில் போட்டாள்.

"நீ தொடங்கிக் குடுத்த சேனல்தான? நீயே அழிச்சிரு."

யாசிர் அவளுடைய சாச்சி மகன், தம்பி முறை. காயல்பட்டினத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். காயல் சமையல் காட்டும் அந்தச் சேனல் இல்மாவுடையது என்பது ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதில் முகம் வராது, குரல் வராது. அடுப்பும் அவளுடைய இரண்டு கைகளும்தான் வரும்.

அதற்கே 'உப்புக்காத்து' என்ற பெயரில் ஒருவன் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினான். "வட்டிலப்பத்த விக்கிதியா, இல்ல ஒன்னையே விக்கிதியா? நம்ம ஊர்ல பொறந்தவதானா நீ?" என்று ஆரம்பித்தான். ஊர் பேர் தெரியாத இன்னும் பத்துப் பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். பிறகு வந்ததெல்லாம் வெளியே சொல்லக் கூடியதல்ல.

எழுதுகிறவன் உள்ளூர்க்காரன் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்ற நாளில் ஒன்றிரண்டு வரும். வெள்ளிக்கிழமை என்றால் பகலெல்லாம் வரும். யாசிரின் கடைக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. அவள் வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

முதலில் அழுதாள். அப்புறம் போனைக் கையில் எடுக்கவே பயந்தாள். இப்போது அதுவும் இல்லை, மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை ஹாமிது கல்யாணமான கையோடு சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறியவர். மூன்று வருஷமாகப் போனில் முகம் பார்ப்பதோடு சரி. சேனல் பிழைத்துக்கொண்டால் அவரை ஊருக்கே வந்துவிடச் சொல்லலாம் என்றுதான் இத்தனை பாடும். அதுவரைக்கும் அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று இருந்தாள்.

"அழிச்சாச்சு. இனி நெனச்சாலும் திரும்பி வராது, லாத்தா." யாசிரின் கண் கலங்கியிருந்தது. வைத்த நெய்ச்சோற்றைத் தொடாமல் எழுந்து போனான். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஹாமிதின் வீடியோ கால் வந்தது.

"சாப்பிட்டியா புள்ள? முகம் ஏன் வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. தலவலி."

"இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி குடி. கண்ண மூடிப் படு."

நல்ல மனுஷன். ஒருநாளும் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அந்த ஒரு முகமாவது மிச்சம் இருக்கிறதே என்று இல்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"நீங்க என்ன, இன்னைக்கு ரொம்பச் சந்தோசமா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஹாமிது சிரித்தார்.

"கைய மட்டும் காட்டி ஒருத்தி நம்ம ஊரு மானத்த வாங்கிட்டிருந்தா, எழுதி எழுதியே இன்னைக்கு அவ சேனல மூட வச்சிட்டேன்."