மஞ்சள் விளிம்பு

தேவாலயத்தின் பக்கத்து அறையில் தங்கை தன் குழந்தைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தாள்.

தங்கை பொத்தானைத் தப்பான துளையில் மாட்டினாள்.

ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தன் கல்யாணத்துக்குக்கூட அவள் அக்காவை அழைக்கவில்லை. போன வாரம் போன் செய்து, குழந்தையின் ஆசீர்வாதத்துக்கு அழைத்தது கணவன்தான். வந்தால் வரட்டும் என்று அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், இன்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் மாட்டிய கைப்பையைக் குழந்தையைத் தூக்கும்போதுகூட இறக்கவில்லை.

சண்டை ஒரு குல்லாவுக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

குழந்தை போட்டிருக்கும் சட்டை அப்பா தைத்தது. ஊருக்கெல்லாம் தைத்த மனிதர், சொந்தப் பிள்ளைக்கென்று நேரம் ஒதுக்கித் தைத்தது அது ஒன்றைத்தான். குல்லா அம்மா பின்னியது. விளிம்புக்கு வரும்போது வெள்ளை நூல் தீர்ந்துபோக, மிச்சத்தை மஞ்சளில் ஒப்பேற்றினாளாம். முதலில் அக்கா, பிறகு தங்கை, அப்புறம் அக்கா மகன், எல்லோரும் இரண்டையும் போட்டுக்கொண்டுதான் ஆசீர்வாதம் வாங்கினார்கள். தங்கையை அக்கா இடுப்பில் தூக்கி நிற்கும் போட்டோ ஒன்று உண்டு. அதில் குல்லா மூக்குவரை இறங்கியிருக்கும். அம்மா அதை எப்போது பார்த்தாலும் சிரிப்பாள்.

அம்மா போனபின் சட்டை தங்கைக்கு வந்தது. குல்லாவைக் காணோம்.

உன்னிடம்தான் இருக்கிறது என்றாள் தங்கை. சத்தியமாக இல்லை என்றாள் அக்கா. வார்த்தை தடித்தது. திருடி என்ற சொல் தங்கை வாயிலிருந்து வந்தது.

அக்கா இப்போது கைக்குட்டையைப் பிரித்து ஒரு குல்லாவை நீட்டினாள்.

"என்கிட்டதான் இருந்துச்சு பாப்பா. வீம்புக்கு இல்லைன்னுட்டேன். மனசுல வச்சுக்காத."

பிள்ளை பெற்ற பிறகும் அக்காவுக்கு அவள் பாப்பாதான்.

தங்கை வாங்கிப் பார்த்தாள். பழுப்பேறிய வெள்ளை, மஞ்சள் விளிம்பு, எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பழுப்பில் லேசாகத் தேயிலை வாசனை அடித்தது. அக்காவின் சுட்டுவிரலில் நூல் அறுத்த சிவப்புக் கோடு தெரிந்தது. ஊசியைக் கண்டாலே ஓடுகிறவள் அவள். அப்பா பொத்தான் தைக்கச் சொன்னால் உடனே வயிற்றுவலி வந்துவிடும்.

குழந்தைக்குப் போட்டதும் குல்லா மூக்குவரை இறங்கியது. இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். தங்கைக்குச் சிரிப்பு பாதியில் அழுகையானது. காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

அக்காவின் கையைப் பிடித்துத் தன் கைப்பைக்குள் விட்டாள்.

அக்காவின் விரல்கள் உள்ளே எதையோ தொட்டு நின்றன. மெதுவாகத் தடவின. விளிம்பைத் தேடிப் போயின.

அம்மாவின் மடிப்பு கலையக் கூடாதென்று இத்தனை வருஷம் பிரிக்காமல் வைத்திருந்த சட்டையை, தேய்ப்பதற்காக இன்று காலைதான் தங்கை உதறினாள். அதன் கைக்குள் அம்மா சுருட்டி வைத்திருந்த குல்லா தரையில் விழுந்தது.

உள்ளேயிருந்து போதகர் கூப்பிட்டார்.

அக்கா வெறுங்கையை வெளியே எடுத்தாள். கைப்பையின் வாயை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தப்பாக மாட்டியிருந்த பொத்தானைச் சரிசெய்தாள்.

"அது அடுத்ததுக்கு ஆகட்டும். நேரமாச்சு, வா."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.