அணையாத சிவப்பு விளக்கு

ரெட்டியார்பாளையம் வீட்டுக் கூடத்தில், டிவி ஸ்டாண்டின் முன்னால் அனைஸ் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாரிசுக்குக் கொண்டுபோக வேண்டிய பெட்டிகள் வாசலில் நிற்கின்றன. தனியாக இருக்கும் அப்பா கிளோத்தை அங்கிருந்தே பார்க்க அவள் வைத்த கேமராக்களை, சீட்டுக்கட்டு அளவிலான குட்டிக் கம்ப்யூட்டரான லினக்ஸ் போர்டு ஒன்று ஓட்டுகிறது. கரண்ட் போய் வந்தால் அது மறுபடி எழுவதில்லை. மெமரி கார்டை மாற்றியாயிற்று, சார்ஜரையும் மாற்றியாயிற்று. இப்போது போர்டின் வயரையே பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறாள். ஜன்னல் கம்பிகளின் நிழலுக்கடியில் போர்டின் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. கேமராக்களைப் போர்டோடு இணைக்கும் யுஎஸ்பி ஹப்பைத் தொட்டால் சுடுகிறது. அதன் வயர் மட்டும் இன்வெர்ட்டர் பாயிண்டில் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிய, போர்டு சாகவும் மாட்டாமல் பிழைக்கவும் மாட்டாமல் கிடக்கிறது.

“போர்டும் இதே பாயிண்ட்லதான இருந்துச்சு. யாரு பப்பா மாத்துனது?”

“நான்தான். டேபிள் ஃபேனுக்கு பாயிண்ட் வேணும்ல,” என்கிறார் அப்பா.

ஹப்பைப் பிடுங்குகிறாள், சிவப்பு அணைகிறது. ஃபேனை வேறு பாயிண்டுக்கு மாற்றிவிட்டு, போர்டு, ஹப் இரண்டையும் இன்வெர்ட்டரிலேயே செருகுகிறாள். பச்சை விளக்கு துடிக்கிறது. சற்றுப் பொறுத்து, அவள் போனில் கூடம் தெரிகிறது: அவள் முதுகு, பின்னால் நாற்காலியில் அப்பா.

“இனிமே கரண்ட் போனாலும் ஓடும்.”

“ஓடட்டும். அது கெட்டுக் கெடந்தப்பதான் நீ தெனம் போன் பண்ணுன.”

படம் சற்றுப் பிந்தித்தான் வருகிறது. அவர் சொல்லி முடித்த பிறகு, திரையில் அவர் வாய் அசைகிறது.